லட்லோவில் எடுத்த படம் ஏன் இப்படி வந்தது? பழைய கட்டடங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இங்கிலாந்தின் மேற்கோரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், டீம் ஆறு வளையும் இடத்தில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது லட்லோ. ஷ்ராப்ஷயர் மாவட்டத்துச் சந்தை ஊர். கோட்டை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. அதன் வாசலிலேயே சந்தைச் சதுக்கம். அங்கிருந்து இறங்கும் தெருக்களில் மரச்சட்ட வீடுகளும் செங்கல் வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் இங்கே ஏறக்குறைய 500.

ஷ்ரூஸ்பரி–ஹெரஃபோர்டு ரயிலில் வந்து இறங்கி, மலைத்துப்போய், இருநூறு படம் எடுத்து, வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் பாதி படம் ஏதோ ஒரு விதத்தில் சரியில்லாமல் இருக்கும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் வந்தது. இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் படத்தில் என்ன கோளாறு என்று பார்த்து, அந்த இடத்துக்குப் போங்கள். ஒன்று மட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். எதைத் திருத்துவதற்கு முன்னாலும், இந்தக் கோணல் கேமராவுடையதா கட்டடத்துடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுடையது என்றால் நீக்குங்கள். கட்டடத்துடையது என்றால் கை வைக்காதீர்கள்.

கட்டடம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் இருக்கிறது

அடிப்பாகம் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் தெரியும். புல் ரிங் தெருவில் இருக்கும் ஃபெதர்ஸ் விடுதியை எடுக்கிற எல்லோருக்கும் முதலில் வருவது இந்தப் படம்தான். 1619இல் கட்டிய மூன்று மாடி மரச்சட்டக் கட்டடம், மூன்று முக்கோண முகப்பு, தெருவோ ஒடுக்கம். உச்சி அடங்கவில்லை என்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். கேமராவின் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் போன உடனே செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய ஆரம்பிக்கும்.

கேமராவைச் சாய்க்காமல் உச்சியைப் பிடிக்க வழி இருக்கிறது. கேமராவை நிமிர்த்தி, அதாவது நீளவாக்கில் பிடியுங்கள். திரையில் கட்டக்கோடுகளையும் மட்டக்காட்டியையும் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா நேராக முன்னால் பார்க்கட்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாலையாக வரும், வரட்டும். வீட்டுக்குப் போய் அதை வெட்டிவிடலாம்.

கணக்கும் சொல்கிறேன். 12 மீட்டர் உயரக் கட்டடம், முழு அளவு சென்சார் (36 × 24 மி.மீ.), 24 மி.மீ. லென்ஸ், கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் படுக்கவைத்து எடுத்தால் உச்சி அடங்க 21 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிமிர்த்தினால் 14 மீட்டர் போதும். அந்த 7 மீட்டர்தான் எதிர்வரிசைக் கடைக்குள் போய் நிற்பதற்கும் நடைபாதையிலேயே நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அதற்கும் இடம் இல்லை என்றால் நேர் எதிரில் நிற்காதீர்கள். தெருவோடு கொஞ்சம் மேலேயோ கீழேயோ நடந்து, கேமரா மட்டமாகவே இருக்க, பக்கவாட்டுக் கோணத்திலிருந்து எடுங்கள். கட்டடத்தின் முகம் கொஞ்சம் ஒருக்களிக்கும், ஆனால் செங்குத்துகள் நேராகவே இருக்கும். அடிக்கடி கட்டடம் எடுக்கிறவர்கள் ஷிஃப்ட் லென்ஸ் வாங்குகிறார்கள். கேமரா மட்டமாக இருக்க, கண்ணாடியை மட்டும் மேலே நகர்த்தும் லென்ஸ் அது. விலை அதிகம். நான் இரண்டு முறை வாடகைக்கு எடுத்தேன், மிக நன்றாக இருந்தது. ஆனாலும் மேலே சொன்ன நீளவாக்கு முறை அதன் வேலையில் பெரும்பகுதியைக் காசில்லாமல் செய்துவிடும்.

மென்பொருளில் நேராக்கப் போகிறீர்கள் என்றால், எடுக்கும்போதே நான்கு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். நேராக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும். முகப்பின் நுனியை ஒட்டி எடுத்த படத்தை நேராக்கவே முடியாது. போனில் எடுக்கிறவர்கள் மிக அகல லென்ஸுக்கு மாறாதீர்கள். சாதா லென்ஸிலேயே பின்னால் போங்கள்.

புனித லாரன்ஸ் தேவாலயக் கோபுரத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அது 41 மீட்டர் உயரம். மட்டமாக எடுக்க 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டும். தேவாலயத்தைச் சுற்றி வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அங்கே நின்று முழுக் கோபுரத்துக்காகப் போராடாதீர்கள். அதற்கான இடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நேராக்கினேன், இப்போது பக்கத்து வீடு சாய்ந்துவிட்டது

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சந்தில் மரச்சட்ட வீடு ஒன்றை எடுத்தேன். மேல்மாடி தெருப்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மென்பொருளில் அதன் மூலைத்தூணைப் பிடித்துச் செங்குத்தாக்கினேன். படம் பார்க்கக் கச்சிதமாக இருந்தது, பெரிதாக அச்சுப்போட்டு வீட்டில் மாட்டினேன். பல நாள் கழித்துத்தான் படத்தின் ஓரத்தில் பக்கத்துச் செங்கல் வீட்டின் மழைநீர்க் குழாய் கண்ணில் பட்டது. குழாய் சாய்ந்திருந்தது. மறுபடி அதே சந்துக்குப் போய்ப் பார்த்தேன். குழாய் நேராகத்தான் இருந்தது. தூண்தான் சாய்ந்திருந்தது. அந்த வீடு தன் வாழ்நாளில் சேர்த்துக்கொண்ட ஒரே ஒரு குணத்தை நான் அழித்திருந்தேன். அந்த அச்சை எடுத்துவிட்டேன்.

மரச்சட்ட வீடு சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துச் சட்டம் கட்டினார்கள். காய்ந்த ஓக் கல் மாதிரி இறுகிவிடும், உளி இறங்காது. பச்சை மரத்தில் துளை போட்டு, நாக்குச் செருகி, மர ஆணி அடித்து நிறுத்தினார்கள். பிறகு வருடக்கணக்கில் மரம் அந்த இடத்திலேயே காய்ந்தது, சுருங்கியது, முறுக்கியது. மூட்டுகள் மரத்தால் ஆனவை என்பதால் சட்டம் முறியாமல் சேர்ந்து அசைந்து கொடுத்தது. இன்று நீங்கள் பார்க்கும் கோணல் அந்த அசைவுதான்.

அதனால் செங்குத்துக்கு ஆதாரமாக மரத்தூணை எடுக்காதீர்கள். கொத்தனார்கள் நம்புவதையே நம்புங்கள்: தூக்குக்குண்டு. என் கேமராப் பையில் ஒரு முழ நூலும் அதன் நுனியில் கட்டிய இரும்பு நட்டும் இருக்கின்றன. முக்கியமான கட்டடம் என்றால், முதலில் ஒரு படம் அந்த நூலைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டு எடுப்பேன். காற்றில்லாத நேரமாக இருக்க வேண்டும். அப்புறம் முக்காலியை அசைக்காமல் நூலை எடுத்துவிட்டு உண்மையான படம். வீட்டில் முதல் படத்தின் நூலைச் செங்குத்தாக்கி, அதே அளவை இரண்டாவதுக்கும் போடுவேன். நூல் இல்லையென்றால் புது மழைநீர்க் குழாய், விளக்குக் கம்பம், பக்கத்துச் செங்கல் வீட்டின் மூலை இவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

மென்பொருளில் தானாக நேராக்கும் பொத்தானையும் இங்கே தொடாதீர்கள். அது கண்ணில் படுகிற நீளக் கோடுகளையெல்லாம் செங்குத்து என்று எடுத்துக்கொள்ளும். மரச்சட்ட வீட்டில் நீளக் கோடு என்றாலே தூண்கள்தான்.

கூரை நடுவில் வளைந்திருக்கிறது

லென்ஸ் வளைத்ததா, கூரையே தொய்ந்ததா? சோதனை சுலபம். கூரை முகட்டுக்கோடு படத்தின் நட்டநடுவே போகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். லென்ஸ் உண்டாக்கும் வளைவு ஓரங்களில்தான் வரும், படத்தின் மையத்தைக் கடந்து போகும் நேர்கோட்டை அது வளைக்காது. நடுவில் வைத்தும் முகடு தொய்ந்தே இருந்தால் அது உத்தரம் தொய்ந்தது. அப்படியே விடுங்கள். நேராகிவிட்டால் லென்ஸின் வேலை. மென்பொருளில் உங்கள் லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள், செங்குத்தைச் சரிபண்ணுவதற்கு முன்னால்.

வெள்ளைச் சுவர் வெளிறிப்போகிறது, கறுப்பு மரம் கரித்துண்டாகிறது

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைப் பூச்சு அதிகமாக இருக்கும் சுவரைக் காட்டினால் படத்தை இருட்டாக்கிவிடும். மரம் நெருக்கமாக அடுக்கியிருக்கும் சுவரைக் காட்டினால் வெளுக்கவைத்துவிடும். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமாக ஏமாறும். வெள்ளை அதிகமான சுவருக்கு எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). மரம் அதிகமான சுவருக்கு அதே அளவு குறையுங்கள். வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையைத் திரையில் போட்டு வையுங்கள். சுவரின் வெள்ளை மினுக்கினால் குறையுங்கள், ஜன்னல் கண்ணாடியில் பளிச்சிடும் ஒரு புள்ளி மினுக்கினால் விட்டுவிடுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பாக எடுத்தால் மரத்தின் இருட்டிலிருந்து நாரும் வெடிப்பும் பிறகு மீண்டு வரும். வெளுத்துப்போன சுண்ணாம்பு மட்டும் எப்படியும் மீளாது.

இந்த இடத்தில் ஒன்று தெரிந்திருப்பது நல்லது. மரம் கன்னங்கரேல், சுவர் பளீர் வெள்ளை என்ற தோற்றத்துக்கு விக்டோரியா காலத்து ரசனை பெரிய காரணம். அதற்கு முன் பல ஊர்களில் ஓக் மரத்தை வர்ணம் பூசாமல் விட்டார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாக மாறும். ஆகவே மாறுபாட்டைக் கூட்டிக் கூட்டிக் கறுப்பை இன்னும் கறுப்பாக்குவதில் பழமை எதுவும் கூடப்போவதில்லை. மரம் மரமாகத் தெரியட்டும்.

பாதி வெயில், பாதி நிழல்

இது நேரத்தின் கோளாறு. லட்லோ வடக்கே 52 டிகிரியைத் தாண்டிய அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் உச்சி வெயில்கூட 61 டிகிரி உயரம்தான். டிசம்பரில் வெறும் 14. அந்த 14 டிகிரியில் 10 மீட்டர் வீட்டின் நிழல் 40 மீட்டர் நீளும், எதிர்வரிசை முழுக்க இருட்டில் மூழ்கும். இன்னொன்று, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்று பத்து வாக்கில்.

இதை மனதில் வைத்து ஊரை நடந்தால் நேரம் தானாகப் பிடிபடும். பிராட் ஸ்ட்ரீட் வடக்கில் மேட்டில் தொடங்கித் தெற்கே இறங்குகிறது. மேல்முனையில் நிற்கும் பட்டர்கிராஸ், 1740களில் கட்டிய கல் மண்டபம், கடிகாரமும் சின்னக் கோபுரமும் வைத்தது, தெற்கைப் பார்த்து நிற்கிறது. அதற்கு உச்சிப்பொழுது நல்லது, குளிர்காலத்தில்கூட. தெருவின் நேர்கோட்டிலேயே சூரியன் வருவதால் எதிர்வீட்டு நிழல் விழாது. அதே தெருவில் மேற்கு வரிசை வீடுகளுக்குக் காலை, கிழக்கு வரிசைக்குப் பிற்பகல். கீழே பிராட் கேட், பழைய நகர மதிலின் வாசல்களில் முழுசாக நிற்பது அது ஒன்றுதான், மேலேயே ஒரு வீட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மேட்டிலிருந்து இறங்கி வரும்போது தெரிவது அதன் வடக்கு முகம், பெரும்பாலும் நிழல். அதனால் வாசலைக் கடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று எடுங்கள்.

வடக்குச் சுவர்களுக்கு வருடத்தில் சில வாரங்கள்தான் நல்ல வெயில். ஜூனில் சூரியன் வடமேற்கில் போய் ஒன்பதரை மணிக்கு மறையும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வருடம் முழுக்க நிழலில் இருந்த வடக்குச் சுவர்கூட வெளிச்சம் வாங்கும். அதற்காகவே நான் ஜூனில் ஒரு மாலையை ஒதுக்கி வைக்கிறேன்.

மேகம் மூடியிருந்தால் வருத்தப்படாதீர்கள். மரச்சட்டத்துக்கும் செங்கலுக்கும் அந்த மென்மையான ஒளி ரொம்ப ஒத்துவரும். வானத்தை மட்டும் சட்டகத்தில் அதிகம் சேர்க்காதீர்கள், வெறும் வெள்ளையாக நிற்கும்.

செதுக்கல் தட்டையாக, காகிதத்தில் வரைந்த மாதிரி தெரிகிறது

வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுகிறது என்று அர்த்தம். செதுக்கலுக்கு வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். ஃபெதர்ஸ் மேற்கைப் பார்த்த கட்டடம். பிற்பகல் முதிர்ந்தால் வெயில் முழுசாக முகத்தில் அடிக்கும், முழுக் கட்டடத்துக்கு அது சரி. செதுக்கல்களுக்கு உச்சிப்பொழுது கழிந்த முதல் ஒரு மணி நேரம்தான் நேரம். அப்போது சூரியன் தெற்கிலிருந்து சுவரை உரசும். வைர வடிவக் கட்டங்கள், ஃபெதர்ஸ், அதாவது இறகுகள், என்ற பெயருக்குக் காரணமான தீக்கோழி இறகுகள், ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். இருபது நிமிடத்தில் அந்த நிழல் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மரச்சட்டத்தின் மூட்டுகளில் உளியால் கீறிய சின்ன ரோமன் எண்கள் சில வீடுகளில் தெரியும். சட்டத்தைத் தச்சுப்பட்டறையில் ஒரு முறை கூட்டிப் பார்த்து, பிரித்து, மனையில் திரும்பக் கூட்டியபோது எது எதில் சேர வேண்டும் என்று தச்சர் போட்ட அடையாளம். நேர் வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே தெரியாது. சின்ன டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்தால் தெரியும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கார், வேன், கூடாரம், ஆள்

நடக்கிற ஆட்களை நீக்கலாம். முக்காலியில் வைத்துச் சில விநாடி இடைவெளியில் பத்துப் படம் எடுத்து, மென்பொருளில் அடுக்கி நடுமதிப்பு எடுத்தால் நகர்ந்தவர்கள் மறைவார்கள். பத்து ஸ்டாப் கறுப்பு ஃபில்டர் இருந்தால் 1/60 விநாடி 17 விநாடியாகும், அதிலும் மறைவார்கள். நிற்கிற கார் எதிலும் மறையாது. அதற்கு விடியற்காலைதான் மருந்து. கோட்டை முன் சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும். வெறும் சதுக்கம் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை போங்கள்.

ஆனால் ஏன் வெறும் சதுக்கம் வேண்டும் என்றும் யோசியுங்கள். இந்த ஊர் இந்த இடத்தில் இப்படி இருப்பதற்கே சந்தைதான் காரணம். கோடுபோட்ட துணிக்கூரைக்கு மேலே பழைய முகப்புகள் எட்டிப்பார்க்கும் படம் எனக்கு வெறும் சதுக்கத்தைவிட உண்மையாகப் படுகிறது.

ஜன்னலில் வானம் மட்டும் தெரிகிறது

லென்ஸுக்கு முன்னால் போலரைசர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர், போட்டுத் திருப்புங்கள். நேர் எதிரில் நின்றால் வேலை செய்யாது. கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். அகல லென்ஸில் போட்டால் நீல வானத்தில் ஒரு பட்டை இருண்டு திட்டாகும், கவனம். வாயால் ஊதிச் செய்த பழைய கண்ணாடி என்றால் பிரதிபலிப்பு தண்ணீர்போல் நெளியும். அதைக் கொன்றுவிடாதீர்கள், அந்தக் கண்ணாடியின் வயதைச் சொல்வது அதுதான்.

தேவாலயத்துக்குள் எல்லாம் மங்கல், மஞ்சள், ஆட்டம்

குளிரிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் மங்கலாக வந்தால் முதலில் லென்ஸைப் பாருங்கள், ஆவி படிந்திருக்கும். துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பத்து நிமிடம் பையிலேயே வைத்து, பிறகு எடுங்கள். முக்காலிக்கு அனுமதி கேளுங்கள். கிடைத்தால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, சில விநாடிகள், இரண்டு விநாடி டைமர். கிடைக்காவிட்டால் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 3200இல் 1/15 விநாடிக்கு முயலுங்கள். ஐந்து எடுத்தால் ஒன்று கூர்மையாக இருக்கும். வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் உட்புறத்தையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள், தனித்தனியாக எடுங்கள். மஞ்சள் என்பது விளக்கொளியும் பகலொளியும் கலப்பதால் வருவது. ஒரு சாம்பல் அட்டையை நீங்கள் எடுக்கும் பொருளின் மேல் விழும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இங்கே தவறவிடக் கூடாதவை பாடகர் பகுதி இருக்கைகள். மொத்தம் 28 மடிப்புப் பலகைகள். நீண்ட வழிபாட்டில் நின்றுகொண்டே கொஞ்சம் சாய்ந்துகொள்ள, பலகையை மடித்தால் அடியில் ஒரு சின்ன விளிம்பு வரும். அந்த விளிம்பைத் தாங்குகிற மரத்தில்தான் செதுக்கல். ஒன்றில், அளவு குறைத்து ஏல் என்ற பீர் விற்றவளை ஒரு பிசாசு தோளில் தூக்கிக்கொண்டு நரக வாய்க்குப் போகிறது. தலைகீழாகத் தொங்கும் அவள் கையில் குவளை இன்னும் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பிசாசு அவள் பாவக்கணக்கைச் சுருளிலிருந்து வாசிக்கிறது. சந்தை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாவம் இருக்க முடியாது. இதற்கு ஃபிளாஷ் வேண்டாம். முழங்காலிட்டு, லென்ஸைச் செதுக்கலின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து எடுத்தால் முகங்கள் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். பலகை தானாக மூடிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், 500 வருடத்துக்கு மேற்பட்ட மரம்.

ஒருவர் வந்து ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்

பொதுத்தெருவில் நின்று கட்டடத்தைப் படமெடுப்பது இங்கே சட்டப்படி தவறில்லை. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவும் கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆனாலும் அது ஒருவர் குடியிருக்கும் வீடு. நின்று பதில் சொல்லுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். வீட்டின் பழைய கதையைச் சொல்லி உள்ளே கூப்பிட்டு உத்தரத்தைக் காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

அழகான முகப்புகள் மட்டுமே வந்திருக்கின்றன, ஊரைக் காணோம்

நீங்கள் ஊருக்குள்ளேயே நின்றதால் வந்தது. 2013 பிப்ரவரியில் தேவாலயத்துக்குப் பின்னால் பழைய நகர மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. யாரும் நின்று பார்க்காத வெறும் கல்சுவர் அது. என் பழைய கோப்புகளில் தேடினேன், ஒரு படத்தில்கூட அது இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் முகப்புகளோடு பின்சுவர்கள், சந்துகள், மதில் அடிவாரம் இவற்றையும் பத்துப் படமாவது எடுக்கிறேன்.

அப்புறம், பகலின் மிச்சத்தை அக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குக் கீழே டின்ஹாம் பாலத்தைக் கடந்து விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் கோட்டை, கூரைகள், மேலே தேவாலயக் கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் வரும். கேமரா மட்டமாகவே இருக்கும், கோபுரம் தானாக நேராக நிற்கும். 70 முதல் 135 மி.மீ. லென்ஸ் போதும். ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் மேடு என்பதால் பிற்பகல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய்க் கோட்டைச் சுவரில் விழும். டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் போய்விடும், இரண்டரைக்கே மேலே இருங்கள். இறங்கும் பாதை மரத்தடியில் ஈரமாகவும் இருட்டாகவும் இருக்கும். செதுக்கலுக்கு எடுத்துப்போன அந்த டார்ச் இங்கேயும் வேண்டும்.